இந்தியாவின் தேசியப் பல்லுயிர் அறிக்கைகள்

தேசியப் பல்லுயிர் அறிக்கை என்பது ஒரு நாட்டில் உள்ள உயிரினங்கள், அவற்றின் வாழிடங்கள், மரபு வளங்கள் ஆகியவற்றின் நிலையையும், அவற்றைக் காக்க அந்நாட்டு அரசு மேற்கொண்ட நடவடிக்கைகளையும் தொகுத்துக் கூறும் அரசு ஆவணம் ஆகும். இது பல்லுயிர் பேணல் ஒப்பந்தத்தின்படி, கனடாவின் மொண்ட்ரியால் நகரில் உள்ள அதன் செயலகத்துக்கு அனுப்பப்படுகிறது. இதனோடு சேர்த்து அறியப்பட வேண்டிய மற்றோர் ஆவணம் தேசியப் பல்லுயிர் உத்தியும் செயல்திட்டமும் ஆகும். செயல்திட்டம் இனிச் செய்ய இருப்பதைக் கூறுவது. அறிக்கை செய்து முடித்ததைக் கூறுவது. ஒன்றில் எழுதப்பட்ட இலக்குகளை மற்றொன்றில் வரும் எண்களோடு ஒப்பிட்டே ஓர் அரசின் செயற்பாடு மதிப்பிடப்படுகிறது.

எதை எண்ணுவது, யார் எண்ணுவது, எந்த வரையறையைக் கொண்டு எண்ணுவது என்பவற்றைப் பொறுத்து ஒரே நிலப்பரப்பு நன்கு பேணப்பட்டதாகவும் தோன்றலாம், அழிந்து வருவதாகவும் தோன்றலாம். ஆகவே இவ்வறிக்கைகளைத் தயாரிக்கும் பணி வெறும் எழுத்தர் வேலை அன்று. இந்தியாவில் கடந்த முப்பது ஆண்டுகளில் எழுந்த பல சர்ச்சைகள் இதனைக் காட்டுகின்றன.

பின்னணி

பல்லுயிர் பேணல் ஒப்பந்தம் 1992 ஆம் ஆண்டு சூன் மாதம் பிரேசிலின் ரியோ டி செனீரோ நகரில் நடந்த புவி உச்சி மாநாட்டில் கையெழுத்துக்கு வைக்கப்பட்டது. 1993 டிசம்பர் 29 அன்று நடைமுறைக்கு வந்தது. இந்தியா 1994 பெப்ரவரி 18 அன்று இதனை உறுதி செய்து உறுப்பு நாடானது. ஐரோப்பிய ஒன்றியம் உட்பட 196 உறுப்பினர்கள் இதில் உள்ளனர். ஐக்கிய அமெரிக்கா கையெழுத்திட்டும் உறுதி செய்யாத நாடாக வெளியே நிற்கிறது.

ஒப்பந்தத்தின் 6 ஆம் பிரிவு ஒவ்வோர் உறுப்பு நாடும் தனக்கென ஓர் உத்தியை வகுக்க வேண்டும் என்கிறது. 7 ஆம் பிரிவு முக்கியமான உயிரினங்களையும் வாழிடங்களையும் இனங்கண்டு தொடர்ந்து கண்காணிக்கக் கோருகிறது. 26 ஆம் பிரிவு அறிக்கை அளிப்பதைக் கடமையாக்குகிறது. அறிக்கை அளிக்காத நாட்டுக்கோ, இலக்கை அடையாத நாட்டுக்கோ தண்டனை எதுவும் இல்லை. எனவே பிற நாடுகளும் தம் சொந்த மக்களும் படித்துக் கேள்வி கேட்பார்கள் என்பதே இதிலுள்ள ஒரே கட்டாயம் எனலாம்.

அறிக்கை உருவாகும் முறை

இந்தியாவில் இப்பொறுப்பு நடுவண் அரசின் சுற்றுச்சூழல், வனம் மற்றும் காலநிலை மாற்ற அமைச்சகத்தைச் சேர்ந்தது. பல்லுயிர்ச் சட்டம், 2002 இன் கீழ் 2003 இல் அமைக்கப்பட்ட தேசியப் பல்லுயிர் ஆணையம் இதில் முக்கியப் பங்கு வகிக்கிறது. இதன் தலைமையகம் சென்னைத் தரமணியில் உள்ளது. நடுவண் அரசின் சட்டப்படியான ஆணையம் ஒன்று தில்லிக்கு வெளியே அமைந்திருப்பது அவ்வளவாகக் காணப்படாத ஒன்று.

அறிக்கைக்கான தரவுகள் ஓரிடத்தில் இருப்பதில்லை. தாவரங்கள் பற்றிய விவரம் 1890 இல் தொடங்கப்பட்ட இந்தியத் தாவரவியல் அளவாய்வகத்திடமும், விலங்குகள் பற்றிய விவரம் 1916 இல் தொடங்கப்பட்ட இந்திய விலங்கியல் அளவாய்வகத்திடமும் உள்ளன. இவ்விரண்டும் கொல்கத்தாவில் உள்ளவை. காட்டுப் பரப்பைத் தேராதூனில் உள்ள இந்திய வன அளவாய்வகம் கணக்கிடுகிறது. புலி முதலிய காட்டு விலங்குகளின் கணக்கெடுப்பில் அதே நகரின் இந்தியக் கானுயிர் நிறுவனம் ஈடுபடுகிறது. பயிர் இரகங்கள், கால்நடை இனங்கள், மீன் வளம் ஆகியவை வேளாண் ஆராய்ச்சி நிறுவனங்களின் பொறுப்பு. இவற்றுக்கு அப்பால் மாநில வனத்துறைகளும் மாநிலப் பல்லுயிர் வாரியங்களும் உள்ளன.

அறிக்கைப் பணியில் உள்ள அலுவலரின் காலத்தில் பெரும்பகுதி இவர்களுக்குக் கடிதம் எழுதுவதிலும், வரும் பதில்களை ஒன்றோடொன்று பொருத்துவதிலும் கழிகிறது. ஒரு துறையின் கணக்கு நிதியாண்டுப்படி இருக்கும். மற்றொன்றின் கணக்கு நாட்காட்டி ஆண்டுப்படி இருக்கும். ஒரு மாநிலம் ஈரநிலம் என்று சேர்த்ததை மற்றொரு மாநிலம் பாசன ஏரி என்று விட்டிருக்கும். பல பதில்கள் உயிரினத்தைப் பற்றிப் பேசாமல் திட்டத்தின் பெயரையும் செலவான தொகையையும் மட்டுமே தரும். நட்ட கன்றுகளின் எண்ணிக்கை உடனே கிடைக்கும். ஐந்தாண்டு கழித்துப் பிழைத்திருப்பவை எத்தனை என்பது எளிதில் கிடைக்காது.

2018 ஆம் ஆண்டின் ஆறாவது அறிக்கைக்கு ஒப்பந்தச் செயலகம் வகுத்த படிவம் இக்குறையை ஓரளவு போக்க முயன்றது. ஒவ்வோர் இலக்கிலும் முன்னேற்றம் எந்த நிலையில் உள்ளது என்பதோடு, அம்மதிப்பீடு எவ்வளவு உறுதியான சான்றின் அடிப்படையில் செய்யப்பட்டது என்பதையும் நாடுகள் குறிப்பிட வேண்டியிருந்தது. முன்னேற்றம் என்று எழுதுவோர், அதற்கான சான்று முழுமையானதா, பகுதியளவானதா என்பதையும் தாமே ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது இதன் சிறப்பு. இவ்வகை அறிக்கையைப் படிக்கும் மாணவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே ஆகும்.

இரண்டு செயல்திட்டங்கள்

இந்தியாவின் முதல் கொள்கை ஆவணம் 1999 இல் வெளியானது. அதன் பின் விரிவான செயல்திட்டம் ஒன்றை வகுக்கும் பணி 2000 இல் தொடங்கியது. உலகச் சுற்றுச்சூழல் நிதியம் பணம் அளித்தது. ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் அதனை வழங்கியது. தொழில்நுட்ப ஒருங்கிணைப்பு கல்பவிருட்சம் என்னும் தன்னார்வ அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. அரசு ஆவணம் ஒன்றைத் தயாரிக்கும் பொறுப்பு அரசுக்கு வெளியே உள்ளோரிடம் இவ்வளவு விரிவாக அளிக்கப்பட்டது புதுமையானதாகும்.

திட்டம் தில்லியில் எழுதப்பட்டுக் கீழே அனுப்பப்படாமல், கீழிருந்து மேலே செல்ல வேண்டும் என்று முடிவு செய்யப்பட்டது. மாநிலங்கள், மாவட்ட அளவிலான சிறு பகுதிகள், பல மாநிலங்களுக்குப் பொதுவான இயற்கை மண்டலங்கள், தனிப் பொருள்கள் என எழுபதுக்கும் மேற்பட்ட செயல்திட்டங்கள் தனித்தனியே தயாராயின. பொதுக் கூட்டங்கள், நடைப்பயணங்கள், விழாக்கள் வழியே மக்களின் கருத்துக்கள் திரட்டப்பட்டன. அப்போது ஆந்திராவின் மேடக் மாவட்டத்தில் இருந்த சகீராபாத் பகுதியில், சிறுதானியம், பயறு ஆகியவற்றின் பழைய விதைகளை மாட்டு வண்டிகளில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு சென்று, உழவர்களுடன் உரையாடல் நடத்தினர். அவ்வட்டாரத்தின் தலித் பெண் உழவர்கள் இதில் முன்னின்றனர். பல்லுயிர் என்றால் புலியும் யானையும் மட்டும் அல்ல, வீட்டுக் குதிரில் கிடக்கும் விதையும் அதில் அடங்கும் என்பதை இப்பணி வலியுறுத்தியது.

இறுதித் தொழில்நுட்ப அறிக்கை அமைச்சகத்திடம் அளிக்கப்பட்டது. ஆனால் அமைச்சகம் அதனை அதிகாரபூர்வத் திட்டமாக ஏற்கவில்லை. பெரிய அணைகள், சுரங்கங்கள், தொழில்மயமான வேளாண்மை போன்ற வளர்ச்சிப் போக்குகளையே பல்லுயிர் இழப்பின் காரணங்களாக அவ்வறிக்கை ஆராய்ந்தது. 2005 இல் ஒருங்கிணைப்புக் குழுவினர் அதனைத் தாமே வெளியிட்டனர். அரசு, 2006 ஆம் ஆண்டின் தேசியச் சுற்றுச்சூழல் கொள்கையை அடிப்படையாகக் கொண்டு வேறொரு தேசியப் பல்லுயிர்ச் செயல்திட்டத்தை வகுத்தது. இதற்கு 2008 நவம்பரில் அமைச்சரவை ஒப்புதல் கிடைத்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்போர் ஒரு வேறுபாட்டைக் காணலாம். முதலாவது, இழப்புக்குக் காரணமான பிற துறைகளின் கொள்கைகளை மாற்றக் கோருகிறது. இரண்டாவது, இருக்கும் துறைகளுக்கு இடையே பணிகளைப் பகிர்ந்தளிக்கிறது. நிறைவேற்ற எளிதானது இரண்டாவது என்பதில் ஐயமில்லை. நோயின் வேர் எங்கே என்ற கேள்வியை எழுப்பியது முதலாவதே.

2010 இல் சப்பானின் நகோயா நகரில் 20 ஐச்சி இலக்குகள் ஏற்கப்பட்டன. அவற்றுக்கு ஏற்ப 2014 இல் செயல்திட்டத்துக்குப் பின்னிணைப்பு எழுதப்பட்டு, 12 தேசிய இலக்குகள் வரையறுக்கப்பட்டன.

எண்களும் வரையறைகளும்

இந்தியா தனது ஆறாவது அறிக்கையை 2018 டிசம்பரில் அளித்தது. 12 தேசிய இலக்குகளில் இரண்டை மிஞ்சிவிட்டதாகவும், எட்டு உரிய பாதையில் செல்வதாகவும், எஞ்சிய இரண்டுக்கு முயற்சி நடப்பதாகவும் அரசு அறிவித்தது. பல்லுயிருக்காக ஆண்டுதோறும் நேரடியாகவும் மறைமுகமாகவும் ஏறத்தாழ 70,000 கோடி ரூபாய் செலவாவதாகவும், தேவை 1,09,000 கோடி ரூபாய் என்றும் கூறப்பட்டது. 2020 செப்டம்பரில் வெளியான உலகப் பல்லுயிர் மதிப்பீடு, உலக அளவில் ஐச்சி இலக்குகளில் ஒன்றுகூட முழுமையாக நிறைவேறவில்லை என்று தெரிவித்தது.

மிஞ்சப்பட்ட இலக்குகளில் ஒன்று, பேணப்படும் நிலப்பரப்பு தொடர்பானது. நாட்டின் பரப்பில் 20 விழுக்காட்டுக்கு மேல் பல்லுயிர் மேலாண்மையின் கீழ் உள்ளதாக அறிக்கை கூறியது. கானுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள் முதலியவற்றின் மொத்தப் பரப்போ நாட்டில் ஏறத்தாழ 5 விழுக்காடு மட்டுமே. இடைவெளியைப் பெரும்பாலும் நிரப்புபவை வனத்துறையின் மேலாண்மையில் உள்ள பிற காடுகள் ஆகும். இவற்றைச் சேர்ப்பது தவறு என்று கூறிவிட முடியாது; காப்புக் காடுகளில் பல அரிய உயிரினங்கள் வாழ்கின்றன. ஆனால் ஒற்றைத் தைல மரத் தோட்டமும் சோலைக்காடும் ஒரே கணக்கில் வரும்போது, அந்த விழுக்காடு உயிரினங்களின் நிலையைச் சொல்வதில்லை. நிருவாக எல்லையையே சொல்கிறது.

காட்டுப் பரப்புக் கணக்கிலும் இதே சிக்கல் உண்டு. இந்திய வன அளவாய்வகம் 1987 முதல் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அறிக்கை வெளியிட்டு வருகிறது. ஒரு எக்டேர் அல்லது அதற்கு மேற்பட்ட பரப்பில் மரக் கவிப்பு 10 விழுக்காடு இருந்தால், உரிமையாளர் யாராயினும், மரம் எதுவாயினும், அது காட்டுப் பரப்பாகக் கொள்ளப்படுகிறது. தென்னந்தோப்பும் இரப்பர்த் தோட்டமும் மூங்கில் தோப்பும் இதில் அடங்கும். 2023 ஆம் ஆண்டுக்கான அறிக்கை 2024 டிசம்பரில் வெளியாயிற்று. அதன்படி காட்டுப் பரப்பு நாட்டின் நிலத்தில் 21.76 விழுக்காடு, காட்டுக்கு வெளியே உள்ள மரங்களையும் சேர்த்தால் 25.17 விழுக்காடு. இயற்கைக் காடு ஒரு மாவட்டத்தில் அழிந்து, மற்றொரு மாவட்டத்தில் அதே அளவு தோட்டம் எழுந்தால் இக்கணக்கில் இழப்பு எதுவும் தெரியாது. புல்வெளிகளின் நிலை இன்னும் மோசமானது. நீலகிரியின் மலைப் புல்வெளிகளில் சீகை மரமும் தைல மரமும் நடப்பட்டபோது காட்டுப் பரப்பு கூடியதாகவே கணக்கு காட்டும். அங்கு வாழும் வரையாட்டுக்கு அது வாழிட இழப்பு.

புலிக் கணக்கெடுப்பு கற்பித்த பாடம்

இந்தியாவில் எண்ணும் முறையே முற்றிலும் மாற்றப்பட்டதற்குப் புலிகள் சிறந்த எடுத்துக்காட்டு ஆகும். முன்பு பாதத் தடங்களைக் கண்ணாடியிலும் தாளிலும் வரைந்து, ஒவ்வொரு தடத்தையும் ஒரு தனிப் புலியாக அடையாளம் கண்டு எண்ணினர். 2001-02 இல் இம்முறையில் கிடைத்த எண்ணிக்கை 3,642. இராசத்தானின் சரிசுக்கா புலிகள் காப்பகத்தில் பத்துக்கும் மேற்பட்ட புலிகள் இருப்பதாக ஆவணங்கள் காட்டிக்கொண்டிருந்தன. 2005 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அங்கு ஒரு புலியும் இல்லை என்பது வெளியாயிற்று. அவை கள்ள வேட்டையில் கொல்லப்பட்டிருந்தன. காட்டில் இல்லாத புலிகள் ஏட்டில் வாழ்ந்துகொண்டிருந்தன.

பிரதமர் அமைத்த பணிக்குழு அதே ஆண்டில் அறிக்கை அளித்தது. பாதத் தட முறை கைவிடப்பட்டு, தானியங்கி ஒளிப்படக் கருவிகளும் புள்ளியியல் மாதிரிகளும் கொண்ட புதிய முறை கையாளப்பட்டது. 2006 ஆம் ஆண்டுக்கான மதிப்பீடு 1,411 என்று வந்தது. இவ்விரு எண்களும் வேறுபட்ட முறைகளில் பெறப்பட்டவை. எனவே நான்கு ஆண்டுகளில் இரண்டாயிரம் புலிகள் இறந்தன என்று கழித்துப் பார்ப்பது தவறாகும். முந்தைய எண்ணை நம்ப முடியாது என்பதே சரியான முடிவு. புதிய முறையில் கிடைத்த எண்கள் 2010 இல் 1,706, 2014 இல் 2,226, 2018 இல் 2,967, 2022 இல் 3,682 என்று உயர்ந்தன. குறைந்த எண்ணை வெளியிட அன்று அரசு துணிந்திராவிட்டால் இந்த உயர்வை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

பாறுக் கழுகுகள்

புலிக்கு ஆவணத்தில் மிகை இருந்தது. பாறு எனப்படும் பிணந்தின்னிக் கழுகுக்கோ நெடுங்காலம் கணக்கே இல்லாத நிலை இருந்தது. எங்கும் காணப்பட்ட பறவையை எண்ண வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. 1990களின் பிற்பகுதியில் இராசத்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவில் இவை விரைந்து மறைவதைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்வாளர் விபு பிரகாசு கண்டறிந்தார். அதே இடத்தில் 1980களில் அவர் எடுத்த எண்ணிக்கை கையில் இருந்ததே இதனைச் சாத்தியமாக்கியது. 1990களின் தொடக்கத்தில் சாலையோரமாகச் சென்று எண்ணிய வழித்தடங்களில் 2000 இல் மீண்டும் எண்ணியபோது, வீழ்ச்சி நாடு தழுவியது என்பது தெரிந்தது. 1992 க்கும் 2007 க்கும் இடையே வெண்முதுகுப் பாறு 99 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்திருந்தது.

கால்நடைகளுக்கு வலி நீக்கியாகத் தரப்பட்ட டைக்ளோஃபெனாக் மருந்து, இறந்த மாட்டின் உடல் வழியே கழுகின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது என்பது பாகிசுத்தானில் நடந்த ஆய்வில் புலனாயிற்று. 2006 இல் இந்திய அரசு கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடை செய்தது. 2015 இல் மனிதர்களுக்கான பெரிய குப்பிகளும், 2023 இல் கீட்டோபுரோஃபென், அசிக்குளோஃபெனாக் ஆகியவற்றின் கால்நடைப் பயன்பாடும் தடை செய்யப்பட்டன. தமிழ்நாட்டில் முதுமலை, மோயாறு பள்ளத்தாக்கு ஆகிய பகுதிகளில் எஞ்சிய பாறுகள் இன்றும் கூடு கட்டுகின்றன. பழைய எண்ணிக்கை ஒன்று இல்லாமல் இருந்திருந்தால், இவ்வீழ்ச்சி ஊர்ப் பெரியவர்களின் நினைவாக மட்டுமே நின்றிருக்கும். மருந்துக்குத் தடை வந்திருக்காது.

மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு

உள்ளூர் மக்களின் அறிவை ஆவணப்படுத்துவதற்காக மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு என்னும் கருத்து 1990களில் சூழலியலாளர் மாதவ் காட்கில் முதலியோரால் வளர்க்கப்பட்டது. பல்லுயிர்ச் சட்டம் இதனைச் சட்டக் கடமையாக்கியது. ஒவ்வோர் ஊராட்சியும் நகராட்சியும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவை அமைத்து, மக்களோடு கலந்து பதிவேட்டைத் தயாரிக்க வேண்டும். எந்தக் குளத்தில் எந்த மீன், எந்த மாதத்தில் எந்தப் பறவை, எந்த மூலிகையை யார் எதற்குப் பயன்படுத்துகின்றனர் என்பன அதில் இடம்பெறும்.

சட்டம் வந்து பல ஆண்டுகளாகியும் பெரும்பாலான ஊர்களில் பணி தொடங்கவில்லை. 2016 இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்குத் தொடரப்பட்டது. 2019 ஆகத்தில் தீர்ப்பாயம், 2020 சனவரி 31 க்குள் பணியை முடிக்க வேண்டும் என்றும், தவறும் மாநிலங்கள் அதன்பின் மாதந்தோறும் 10 இலட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்றும் ஆணையிட்டது. அப்போது சில ஆயிரமாக இருந்த பதிவேடுகள் ஓரிரு ஆண்டுகளில் இரண்டு இலட்சத்தைக் கடந்தன. அறிக்கையில் இது பெரும் வெற்றியாகத் தோன்றும். ஆனால் ஓர் ஊரின் பதிவேட்டை முறையாகத் தயாரிக்க எல்லாப் பருவங்களையும் காண வேண்டும். அதற்கு ஓர் ஆண்டாவது ஆகும். ஆகவே அவசரத்தில் நிரப்பப்பட்ட பதிவேடுகளின் தரம் பற்றி ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பினர். தீர்ப்பாயம் எண்ணிக்கையைக் கேட்டது, எண்ணிக்கை கிடைத்தது.

முறையாகச் செய்யப்பட்ட உள்ளூர் ஆவணம் எவ்வளவு பயன்படும் என்பதற்கு மதுரை மாவட்டத்தின் அரிட்டாபட்டி சான்றாகும். குன்றுகள், சுனைகள், ஏரிகள், சமணர் படுக்கைகள், தமிழி கல்வெட்டு ஆகியன கொண்ட இவ்வூரிலும் அருகிலுள்ள மீனாட்சிபுரத்திலும் ஏறத்தாழ 193 எக்டேர் நிலம், 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 250 வகைப் பறவைகள் இங்குப் பதிவாகியுள்ளன. 2024 நவம்பரில் இத்தலத்தையும் உள்ளடக்கிய, 2,000 எக்டேருக்கும் மேற்பட்ட பரப்புக்கு டங்சுடன் சுரங்க ஏலம் முடிவானது தெரிந்ததும் ஊர் மக்கள் போராடினர். டிசம்பரில் சட்டமன்றம் எதிர்ப்புத் தீர்மானம் இயற்றியது. 2025 சனவரி 23 அன்று நடுவண் அரசு ஏலத்தைக் கைவிட்டது. மக்களின் போராட்டமே இதற்கு முதன்மைக் காரணம். எனினும் தலம் பற்றிய அரசாணையும் உயிரினப் பட்டியலும் அவர்களின் வாதத்துக்கு ஆதாரமாக நின்றன.

2022 க்குப் பிந்தைய நிலை

2022 டிசம்பரில் குன்மிங்-மொண்ட்ரியால் உலகப் பல்லுயிர்ச் சட்டகம் ஏற்கப்பட்டது. இது 2030 க்கு 23 இலக்குகளை வகுத்தது. நிலத்திலும் கடலிலும் 30 விழுக்காட்டைப் பேணுதல் இவற்றுள் அதிகம் பேசப்படுவது. இந்தியா 2024 அக்டோபரில் கொலம்பியாவின் காலி நகரில் நடந்த மாநாட்டின்போது, 23 தேசிய இலக்குகள் கொண்ட புதிய செயல்திட்டத்தை வெளியிட்டது. உள்நாட்டில் 2023 இல் திருத்தப்பட்ட பல்லுயிர்ச் சட்டம், 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இத்திருத்தம் சட்ட மீறல்களுக்கான சிறைத் தண்டனையை நீக்கி, அபராதமாக மாற்றியது.

முந்தைய ஐச்சி இலக்குகளுக்கு நாடுகள் தாம் விரும்பிய சுட்டிகளைத் தேர்ந்துகொள்ள முடிந்தது. புதிய சட்டகத்தில் எல்லா நாடுகளும் பயன்படுத்த வேண்டிய தலைமைச் சுட்டிகள் உள்ளன. 2025 பெப்ரவரியில் உரோம் நகரில் முடிந்த கூட்டத்தில் இக்கண்காணிப்பு முறை இறுதி செய்யப்பட்டது. இயற்கையான சூழல் தொகுதிகளின் பரப்பு என்பது அச்சுட்டிகளுள் ஒன்று. தோட்டத்தையும் காட்டையும் பிரித்துக் காட்டாத கணக்கு இதற்குப் போதாது. ஏழாவது தேசிய அறிக்கைக்கு 2026 பெப்ரவரி 28 உம், எட்டாவது அறிக்கைக்கு 2029 சூன் 30 உம் கெடுவாக வைக்கப்பட்டன.